ஆறாம் நம்பர் கூடு

கழுவும் அறையை எடுத்துவிட்டார்களாம். போன வாரம் கமலா போன் செய்து சொன்னாள். நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்தவள் அவள்.

"அக்கா, தொட்டி ரெண்டையும் கழட்டிட்டாங்க. இனிமே கூடெல்லாம் பத்து காவான் பேக்டரிலயே கழுவி சீல் வச்சு வந்துருமாம். மனுஷன் கையே படாதாம்லா."

"அப்ப நீ?"

"என்னைய ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. அத விடுங்க. நீங்க அந்த ஆறாம் நம்பர் விஷயத்த எழுதிக் கொடுங்களேன். இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தன் நீங்க கூட்டைக் கீழ போட்டு ஒடச்சிட்டீங்கன்றான். இன்னொருத்தி நீங்க அதுக்குக் குங்குமம் வச்சு அனுப்புனீங்கன்றா."

நான் குங்குமம் வைக்கவில்லை. உடைக்கவும் இல்லை. நான் செய்தது வேறு. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் இத்தனை வருஷமும் இந்தக் கதைகளை மறுத்துப் பேசியதில்லை. எழுதுவதும் பழக்கமில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. என் மகள் எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் பதினோரு வருஷம் லென்ஸ் கழுவினேன். அந்த பேக்டரி வேறு நாட்டுக்குப் போனது. எங்கள் பிளாட்டில் இருந்த ஒருவர் கெலுகோர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். ஆயர் ஈத்தாமிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

அங்கே டாக்டர் ஹமீது இருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னிடம் பேர், ஊர் எதுவும் கேட்கவில்லை. ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்து, "கழுவுங்க அக்கா" என்றார். கழுவிக் கொடுத்தேன். அதை வாய்க்கு நேரே பிடித்து 'ஹா' என்று ஊதினார். கண்ணாடியில் பனி படர்ந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் படரவில்லை.

"இங்க ஏதோ இருக்கு அக்கா."

திரும்பக் கழுவினேன். திரும்ப ஊதினார். நாலாவது தடவை பனி ஒரே சீராகப் படர்ந்தது. "நாளைக்கு வாங்க" என்றார். அதுதான் என் இன்டர்வியூ. அதற்குப் பிறகு அங்கே இருபத்தொரு வருஷம்.

அங்கே நடந்த ஆராய்ச்சியை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றினால் அடியில் தங்கி மட்டமாக நிற்கும். அதன் எடை அதைக் கீழே இழுத்து வைக்கிறது. பூமியைச் சுற்றி வருகிற விண்வெளி நிலையத்தில் எடை என்பதே தெரியாது. அங்கே தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ அடி எது, மேல் எது என்று கிடையாது. அது சுவரைப் பிடித்துக்கொள்ளும். மூலை கிடைத்தால் மூலையோடு ஏறிப் போய்விடும். ராக்கெட்டில் எரிபொருள் வைக்கிற தொட்டியில், பாதி காலியான பிறகு மீதி எண்ணெய் எங்கே போய் ஒட்டியிருக்கும் என்று தெரிந்தால்தான் அதைக் குழாய்க்குக் கொண்டுவர முடியும். அதைத்தான் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

அதற்குச் சின்னக் கண்ணாடிப் பாத்திரங்கள் உண்டு. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி, ஆனால் ஒரு பக்கம் மூலை கூர்மையாகச் சேர்ந்திருக்கும். மேலே குறுகலான கழுத்து, அதில் திருகு மூடி. செல் என்பார்கள். நான் கூடு என்றே சொல்லிப் பழகி, பிறகு எல்லாரும் அப்படியே சொன்னார்கள். கூடுகளை ஜப்பானில் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் கழுவி, உள்ளே ஒரு பூச்சு கொடுத்து, எண்ணெய் நிரப்பி, மூடித் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது மேலே போகும்.

கழுவுவது ஒரு நாள் வேலை. வெந்நீரும் சோப்பும் முதலில். பிறகு சுத்தம் செய்த தண்ணீரில் ஏழு தடவை. ஏழு என்றால் ஏழுதான். எட்டாவது ஊற்றினாலும் தாளில் எழுத வேண்டும். பிறகு ஆல்கஹால், பிறகு வடிகட்டிய காற்று, பிறகு இரண்டு மணி நேரம் சூட்டடுப்பு. நிரப்புவது அதைவிடப் பொறுமை. எண்ணெயில் கலந்திருக்கும் காற்றை முதலில் பம்ப் வைத்து இழுத்துவிட வேண்டும். கொதிப்பது போல நுரைத்து அடங்கும். பிறகு நீள ஊசியை அடிவரை விட்டு, கீழேயிருந்து மேலே மெதுவாக நிரப்ப வேண்டும். ஒரு குமிழி தங்கக் கூடாது. இங்கே குமிழி தானாக மேலே வந்து உடைந்துவிடும். அங்கே அதற்கு மேலே என்று ஒன்று இல்லையே, இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு கூட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

எதையும் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க, ஒருவர் செய்ய வேண்டும். செய்துவிட்டு "செஞ்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாசித்தவர் அடையாளம் போடுவார். இங்கிலீஷ் தாள் எனக்கு ஓடாது. அதனால் எப்போதும் செய்கிறவள் நான்தான்.

டாக்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி உண்டு. "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" மூடி இறுகியிருக்கு என்று சொன்னால் கேட்பார். அடுப்பு ஆறிவிட்டது என்று சொன்னால் கேட்பார். நினைத்தேன் என்று சொன்னால் திட்டமாட்டார். "அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த நடை நடந்து போய்ப் பார்ப்பதற்குள் நமக்கு வேர்த்துவிடும்.

ஷாலினி என்று கூலிம் பக்கத்துப் பெண் அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். வாய் ஓயாது. பூச்சு கொடுப்பதும் தாள் வாசிப்பதும் அவள். அவளுக்கும் டாக்டருக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏற்கெனவே நனைந்த கண்ணாடியில் ஓடும், அதில் இருவருக்கும் சண்டை இல்லை. எண்ணெயே பட்டிராத கண்ணாடியில் முதல் முதலாக ஏறும்போது எப்படி ஏறும் என்பதுதான் வழக்கு. டாக்டரின் கணக்குப்படி அங்கேயும் நிற்காமல் ஏறும். ஷாலினி நின்று நின்றுதான் ஏறும் என்றாள்.

"டாக்டர், உங்க எண்ணெய் பாலத்துல காடி போற மாதிரி போகுது. என் எண்ணெய் சாயங்காலம் ஜெலுத்தோங் ரோட்டுல போற மாதிரி. கொஞ்சம் போவும், நிக்கும்."

"எண்ணெய்க்கு ஏதும்மா டிராபிக் ஜாம்?"

"பாக்கத்தானே போறோம்."

அதைப் பார்ப்பதற்காக ஆறு கூடுகளில் ஐந்தை நிரப்பி, ஆறாவதை மட்டும் வெறுமையாக அனுப்பத் தீர்மானித்தார்கள். மேலே போன பிறகு அங்கே வைத்துத்தான் முதல் எண்ணெய் அதற்குள் போகும். ஷாலினியின் மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு கூட்டில் இருந்தது.

அனுப்புகிற நாள் ஐந்தையும் நிரப்பி மூடினோம். ஆறாவது கூட்டைக் கையில் எடுத்தேன். ஊதிப் பார்க்க முடியாது, பூச்சுப் போட்டாயிற்று. வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஷாலினி லேபிள் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள்.

எங்கள் பிளாட்டில் யாராவது கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால், கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றும் இல்லை என்றால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கை தானாகச் செய்யும். இது அடுத்தவர் பாத்திரம். அவர்கள் நம்பி அனுப்பியது. அதை மொட்டையாகத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆறாம் கூட்டின் உள்ளே எண்ணெய் படக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் உள்ளே விடவில்லை. கழுத்தில், மூடித் திருகுக்குக் கீழே, கடுகு அளவு ஒரு சொட்டு ஊசி முனையால் வைத்தேன். அங்கேயே இருக்கும் என்று நினைத்தேன். மூடியைத் திருகினேன். ஷாலினி வந்தாள். "மூடி?" என்று வாசித்தாள். "செஞ்சாச்சு" என்றேன்.

பெட்டி அன்றைக்கே விமானத்துக்குப் போனது.

நாலு நாள் கழித்து ஊசிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஊசி வைத்திருந்த கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் தங்கியிருந்தது. அது விளிம்பு ஏறி, வெளிப்பக்கமாக இறங்கி, மேசையில் வட்டம் போட்டிருந்தது. அந்த எண்ணெய் அப்படித்தான், தினமும் பார்க்கிறதுதான், தினமும் துடைக்கிறதுதான். அன்றைக்கு அதைத் துடைக்காமல் அப்படியே நின்றேன்.

வாய் உடைந்து ஒதுக்கின கூடு ஒன்று இருந்தது. அதுவும் பூச்சுப் போட்டது. அதே ஊசியால் அதே கடுகு அளவு சொட்டை அதன் கழுத்தில் வைத்தேன். பெட்டியில் படுக்கவைத்த மாதிரியே படுக்கவைத்து, மேலே ஒரு துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கழுத்தில் சொட்டு இல்லை. கூர் மூலையோடு மெல்லிசாக ஒரு கோடு, நத்தை போன தடம் மாதிரி, பாதிக்கு மேல் போயிருந்தது.

அதை டிஷ்யூவில் சுற்றி வேலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பகல் வரை சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். யாருக்கும் தெரியாது. என் வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே என்று பயம்.

சாப்பாட்டு நேரத்தில் டாக்டரும் ஷாலினியும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் எல்லாருக்கும் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டுமாம்.

"அக்கா, நீங்க யார் பக்கம்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆன்ட்டி என் பக்கம்தான். பொம்பளைங்க ஒத்துமை" என்றாள் ஷாலினி.

நான் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தேன். ஆறாம் கூட்டின் மூலை இப்போது நனைந்திருக்கிறது. மேலே போய் அதில் எண்ணெய் விட்டால் நிற்காமல் ஓடும். டாக்டர் சொன்னது சரி, ஷாலினி சொன்னது தப்பு என்று உலகம் பூராவும் எழுதிவிடுவார்கள். அதற்குக் காரணம் என்னுடைய சொட்டு.

டாக்டர் அறைக்குப் போய் மேசையில் அந்த உடைந்த கூட்டை வைத்தேன். "ஆறாம் நம்பர்லயும் இப்படி இருக்கும் டாக்டர்" என்றேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளும் பேனாவும் எடுத்தார்.

"எத்தன சொட்டு?"

"ஒண்ணு."

"எதால?"

"நெரப்புற ஊசி. கடுகு அளவு."

"எங்க?"

"கழுத்துல. திருகுக்குக் கீழ."

"கூர் மூலை பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"கூர் மூலை பக்கம்."

"உள்ள போயிருக்கும்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"அதுல பாக்கல. இதுல பாத்தேன். நேத்து வச்சேன், இன்னிக்குக் காலைல பாத்தேன்."

எல்லாவற்றையும் எழுதினார். கடைசியில்தான் ஏன் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கம்மாவும் வெறுங்கிண்ணம் அனுப்பமாட்டாங்க" என்றார். "நீங்க வரலேன்னா நான் ஜெயிச்சிருப்பேன் அக்கா. நல்லா, சந்தோஷமா ஜெயிச்சிருப்பேன்." பிறகு எழுந்தார். "ஷாலினிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

ஷாலினி முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு முகம் மாறியது.

"மூணு வருஷம் ஆன்ட்டி. ஒரு சொட்டுல முடிச்சிட்டீங்க."

"வெறும் பாத்திரமா அனுப்ப மனசு..."

"அது என்ன ரசம் வாங்குன கிண்ணமா?"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே ஜப்பானில் இருந்த குழுவோடு திரையில் பேச்சு. என்னையும் உட்காரவைத்தார் டாக்டர். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் சொன்னார். கூட்டிக் குறைக்கவில்லை. ஒரு சொட்டு என்று நான் சொன்னபோது ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா மற்ற கூடுகளைப் பற்றிக் கேட்டார். "மத்த அஞ்சும் நெரப்பி அனுப்புனது. வெறுமையா போனது அது ஒண்ணுதான்" என்றேன். அந்த அம்மா தலை குனிந்து வணங்கி, தன் ஆட்களோடு பேசினார்.

பெட்டியைப் பூட்டி ராக்கெட்டில் ஏற்றக் கொடுத்துவிட்டார்களாம். ஒன்றை எடுக்க வேண்டுமானால் ஆறையும் திறக்க வேண்டும். மற்ற ஐந்தும் மற்றவர்களுடைய வேலை. அதனால் ஆறாம் நம்பர் அப்படியே மேலே போகட்டும், ஆனால் அதன் தாளில் 'நனைந்தது' என்று எழுதிவிடலாம் என்று முடிவானது. ஷாலினி எழுந்து போனாள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நியாயம்தான். வேலை முறைத் தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்கள். சொல்லாத எதையும் செய்யாதே, செய்துவிட்டால் எழுது என்று. அந்த வரியைப் புது ஆட்களுக்கு வாசிக்கும்போதெல்லாம் நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சில மாதம் கழித்து மேலேயிருந்து வீடியோ படம் வந்தது. ஆறாம் கூட்டில் எண்ணெய் மூலையைத் தொட்டதும் சாக்கடைத் தண்ணீர் மாதிரி விறுவிறு என்று ஓடி மேலே போய்விட்டது. ஷாலினி அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அதுவரை என்னோடு அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லலேன்னா இத நம்பியிருப்பேன் ஆன்ட்டி. நான்தான் முட்டாள்னு நெனச்சு வேற வேலைக்குப் போயிருப்பேன்."

அவள் மற்றக் கூடுகளின் கணக்கை வைத்துப் பட்டத்தை முடித்தாள். பத்து காவானில் ஒரு பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு பெட்டி போனது. அதில் ஒரு கூட்டுக்கு இடம் மிச்சம் இருந்தது. டாக்டர் அவராகவே போன் எடுத்து ஷாலினியைக் கூப்பிட்டார். தன் கணக்கைத் தப்பு என்று சொன்னவளை எதற்கு இவரே கூப்பிடுகிறார் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். "எனக்கும் தெரிஞ்சுக்கணும்லா" என்றார்.

அவள் சனிக்கிழமைதோறும் காடி ஓட்டிக்கொண்டு கடல் பாலம் தாண்டி வந்தாள். கூட்டை வேறு யாரிடமாவது கொடுப்பாள் என்று நினைத்து நான் ஒதுங்கியே நின்றேன். கூட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்களே கழுவுங்க. ஆனா மூடுற அன்னிக்கு நான் எடத்த விட்டு அசையமாட்டேன். லேபிள், போன், எல்லாம் முன்னாடியே எடுத்து வச்சுக்குறேன்."

மூடுகிற அன்றைக்கு அப்படியே செய்தாள். நான் மூடியைக் கையில் எடுத்ததும், "ஆன்ட்டி, சர்க்கரை ஏதும் கையில இருக்கா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மூடித் திருகும்வரை அடக்கிக்கொண்டேன். ஒன்றும் இல்லாத கூடு ஒன்றும் இல்லாமலே போனது. இப்போதும் மனசு ஒரு மாதிரிதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

படம் வந்த அன்று மூன்று பேர்தான் இருந்தோம். எண்ணெய் உள்ளே வந்தது, உருண்டையாகத் திரண்டது, மூலையைத் தொட்டது. நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு நகக் கண் தூரம் ஏறியது. திரும்ப நின்றது. திரும்ப ஏறியது. உச்சி போய்ச் சேரும்வரை ஷாலினி நாற்காலி நுனியிலேயே இருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். தன் கணக்குத் தாளைக் குப்புறத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதத் தயாரானார்.

"எத்தன தடவ நின்னுச்சு?"

"பதினொண்ணு டாக்டர்" என்றாள் ஷாலினி.

"பன்னெண்டு" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. ஆனாலும் சொன்னேன். "மொதல்ல மூலையத் தொட்டதும் ஒண்ணு நின்னுச்சு. அப்ப இவ கண்ணத் தொடச்சிக்கிட்டிருந்தா. நான் பாத்தேன்."

திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். மூவரும் விரல் விட்டு எண்ணினோம். டாக்டர் பன்னிரண்டு என்று எழுதினார்.